மாச்சாவுக்கு ஒரு மணல் வாளி

ரோஜாவிடம் ஜெயபாண்டி சொன்ன பொய் ஒன்றே ஒன்றுதான்: தனக்கு மாச்சா போடத் தெரியும். விருதுநகரில், எங்கள் கல்லூரி கேண்டீனில், அவள் பால் டீயை ஓரமாகத் தள்ளிவிட்டு அந்தப் பச்சைத் தேயிலைப் பொடியைப் புகழ்ந்துகொண்டிருந்தபோது இவன் வாய் முந்திக்கொண்டது.

"அப்ப ஞாயித்துக்கிழமை உங்க வீட்டுக்கு வாரேன். போட்டுக் குடு. நல்லாருந்தா மத்ததப் பேசுவோம்" என்றாள்.

மத்தது என்பது, இவன் நீட்டிய காதலுக்கு அவள் இன்னும் சொல்லாத பதில்.

சனிக்கிழமை விஸ்வநத்தத்தில் அவன் வீட்டில் ஒத்திகை. தபாலில் வந்த டப்பா. கூடவே, கலக்குவதற்கு மூங்கிலில் ஒரு குட்டித் துடைப்பம். தளதளவென்று கொதித்த தண்ணீரை அப்படியே ஊற்றிக் கலக்கினான். ருசி பார்க்க வந்த கூட்டாளி நான் குடித்தேன்.

"எப்படிலே இருக்கு?"

"வேப்பங்கொழுந்த ஒரு தடவ அரைச்சு, கோவம் தீராம மறுபடி அரைச்ச மாதிரி இருக்கு."

சர்க்கரை போட்டான். கசப்பு இனிப்பைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

ஞாயிறு காலை அவன் அப்பா சீனிச்சாமி அடுப்படிக்குள் எட்டிப் பார்த்தார். பட்டாசுக் கம்பெனியில் ஃபோர்மேன். எரிகிற அடுப்புக்குப் பக்கத்தில், மாவு போல ஒரு பச்சைப் பொடி.

"ஏலே! வெடிமருந்த அடுப்புக்கிட்ட வச்சவன் எவன்லே?"

"மருந்தில்லப்பா, டீத்தூளு."

"இம்புட்டு நைசா இருந்தா எல்லாம் மருந்துதான். வெளிய தூக்குலே!"

அடுப்பு வீட்டுக்குள்ளே, பொடி வாசலைத் தாண்டி வேப்பமரத்தடியில் என்று முடிவானது. அதோடு நிற்கவில்லை. ஜெயபாண்டி ரோஜாவுக்காக வாங்கியிருந்த பளபளச் சட்டை நைலான் கலந்தது. உரசினால் பொறி வரும், கழற்று. செருப்பையும் கழற்று. இரும்புக் கரண்டி கூடாது. மூங்கில் துடைப்பத்தை மட்டும் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதச் செஞ்சவன் வெவரமானவன். கம்பெனியில வேல பாத்திருப்பான்."

ரோஜா ஸ்கூட்டியில் வந்து இறங்கியபோது ஜெயபாண்டி கதர்ப் பனியனும் கைலியுமாக, வெறுங்காலோடு பொடி சலித்துக்கொண்டிருந்தான். பத்தடி தள்ளி, தீயணைக்க மணல் வாளியோடு சீனிச்சாமி; அவர் பக்கத்தில் நான்.

"வாம்மா. அங்கனயே உக்காரு, கிட்டப் போகாத."

ஜெயபாண்டி உள்ளே ஓடி, கொதிக்கும் தண்ணீரைச் செம்பில் எடுத்து வந்தான்.

"நில்லுலே! ஆவி பறக்கப் பறக்கத் தூள்ல ஊத்துவியா? அடங்கட்டும்."

நின்றான். செம்பு ஆறியது. இவன் முகத்தில் அதைவிடச் சூடு. ரோஜா அவனையும் பார்த்தாள், வாளியையும் பார்த்தாள், துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஒருவழியாக உத்தரவு கிடைத்து, ஊற்றிக் கலக்கியதும் மேலே பச்சை நுரை கட்டியது. முந்தின நாள் கட்டாத நுரை.

அவள் ஒரு வாய் குடித்தாள். இன்னொரு வாய் குடித்தாள்.

"கசக்கவே இல்ல. தண்ணிய ஆறவிட்டுத்தான் ஊத்தணும். பாதிப்பேரு கொதிக்கக் கொதிக்க ஊத்திக் கெடுத்துருவாக. ஒனக்கு யாரு சொன்னா?"

ஜெயபாண்டி என்னைப் பார்த்தான். நான் மரத்தைப் பார்த்தேன்.

"எங்க அப்பாதான்" என்றான், மாச்சா விஷயத்தில் அவன் சொன்ன முதல் உண்மையாக.

ரோஜா திரும்பினாள். "மாமா, வாளிய வச்சுட்டு வாங்க. ஒங்களுக்கும் ஒண்ணு கலக்கச் சொல்றேன்."

அவள் மாமா என்றதில் ஜெயபாண்டியின் கைத்துடைப்பம் நழுவியது.

சீனிச்சாமி வாளியைக் கீழே வைத்தார். கைக்கு எட்டும் தூரத்தில்தான்.