ஆஸ்பத்திரி அடுப்புக்கு ஒரு ஆள்

தேயிலைத் தோட்டத்தில் வேலை பிரித்துக்கொடுக்கும் விடியற்காலைப் பிரட்டில் ஒரே கலகலப்பு. ஆஸ்பத்திரிச் சமையல்காரி ஓடிவிட்டாளாம்! மழைக்கு முந்தி ஒருத்தி, மழை விட்டதும் ஒருத்தி, இப்போது இவளும். நோயாளிக்குச் சோறு போடாமல் கஞ்சித்தண்ணீர் ஊற்றுகிறாள் என்று தொழிலாளர் குடியிருக்கும் லயமே திரண்டு ஏசினால் எவள்தான் தங்குவாள்?

சின்னம்மாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அவள் புருஷன் பழனியாண்டி குடல் காய்ச்சலில் அங்கேதான் கிடக்கிறான். காய்ச்சல் விடும்வரை ஒரு பருக்கை உள்ளே போனாலும் ஆபத்து என்று எல்லோரும் டாக்டரய்யா என்று கூப்பிடும், மருந்துகொடுக்கும் நிலாம் சொல்லியிருந்தார். சமையலுக்கு ஆளில்லை என்றால் மாமியார் இருளாயி சோற்றுப்பானையோடு போய்விடுவாளே!

கொழுந்துக்கூடையைப் போட்டுவிட்டு ஓடினாள்.

"டாக்டரய்யா, அடுப்ப நான் பாக்கிறேங்க!"

"நீயும் பாதியில ஓடமாட்டியே?"

"எம்புருசன் இங்க கெடக்கயில நான் எங்கங்க ஓடுறது?"

கஞ்சியை வடிகட்டி முடிக்குமுன் இருளாயி வந்துவிட்டாள். கையில் சோறும் கருவாட்டுக் குழம்பும். பின்னால் பாதி லயம்.

"எம்புள்ளயப் பட்டினி போட்டுட்டு நீ மட்டும் கதவச் சாத்திக்கிட்டு முழுங்குவியாடி?"

அந்தச் சந்தேகம்தான் இதுவரை வந்தவர்களையெல்லாம் விரட்டியது. சமைக்கிறவள் கடைசியில், உள்ளே உட்கார்ந்து சாப்பிடுவதுதானே வழக்கம், யார் கண்டது? சின்னம்மா வாசற்படிக்கு வந்தாள். எல்லோரும் பார்க்க அந்தக் கஞ்சித்தண்ணீரையே மடமடவென்று குடித்தாள்.

"அத்தே, அவருக்குச் சோறு எறங்குற அன்னிக்குத்தான் எனக்கும் சோறு. பாத்துக்குங்க!"

"இதக் குடிச்சிக்கிட்டிருந்தா மலக்காத்துக்கே பறந்துருவ புள்ள!" என்றான் பின்னால் நின்ற மூக்கையா. கூட்டம் சிரித்துவிட்டது. இருளாயி மட்டும் சிரிக்கவில்லை.

"நானும் பாக்குறேன்" என்று படியிலேயே உட்கார்ந்துகொண்டாள்.

தினமும் உட்கார்ந்தாள். மருமகளின் கன்னம் ஒட்டுவதைப் பார்த்தாள். ஒரு நாள் காலை பழனியாண்டிக்கு வேர்த்துக் கொட்டியது. உடம்பு ஜில்லென்றாகிவிட்டது! அதற்குப் பிறகும் நிலாம் அவசரப்படவில்லை. காய்ச்சல் திரும்பாது என்று உறுதியான அன்றுதான் வாயெல்லாம் சிரிப்பாக வந்தார்.

"குழையக் குழைய ஒரு கை சோறு குடு."

பழனியாண்டி விழுங்கினான். இருளாயி மிச்சத்தை அள்ளி மருமகளின் வாயில் திணித்தாள்.

"தின்னுடி, குச்சி மாதிரி ஆயிட்ட!"

அவன் லயத்துக்குத் திரும்பிய அன்று நிலாம் தலையைச் சொறிந்தார். "அப்போ இனி வேற ஆள்தான் தேடணும்..."

சின்னம்மா வாயைத் திறக்குமுன் இருளாயி குறுக்கே விழுந்தாள்.

"எதுக்குங்க? எம்மருமக இங்கதான் இருப்பா. இனி எவ வந்து ஏசுறான்னு நான் பாக்குறேன்!"