வேண்டுதல் ஒயர்

காலையில் விஜயபுரத்திலிருந்து போன் வந்தது. பெரியநைனா வெங்கடரமணன் இறந்துவிட்டார். பெரியப்பா முறை, பங்காளி. திருமலை போனை வைத்துவிட்டு, பிக்கப்பின் டாஷ்போர்டில் இருந்த பெருமாள் படத்தின் விளக்கை அணைத்தான். தீட்டு.

வண்டி மாங்கூழ் ஃபேக்டரி வரிசையில் நின்றது. கேட்டுக்கு இன்னும் மூன்று வண்டிகள். ஏற்றியிருந்தது தோதாபுரி மாங்காய். அடியில் கிடந்தவை பழுத்து வாசனை விட ஆரம்பித்திருந்தன. இன்று உள்ளே போகாவிட்டால் நாளை எடுக்கமாட்டார்கள். ஓடையில் கொட்ட வேண்டும்.

வரிசை நகர்ந்தது. சாவியைத் திருப்பினான். செல்ஃப் சுற்றியது. எஞ்சின் பிடிக்கவில்லை.

பின்வண்டி ஹேமநாத் இறங்கி வந்தான். வரதய்யபாளையத்துக்காரன்.

"இன்னாணா, தள்ளலாமா?"

தள்ளினார்கள். காவலாளி கேட்டிலிருந்தே கையை ஆட்டினான்.

"தோஸ்தே லேது," என்றான் தெலுங்கில்.

தள்ளிக்கொண்டு வரும் வண்டிக்கு அனுமதி இல்லை. போன சீசனில் தள்ளியவர்கள் எடைமேடையிலேயே நின்றுவிட்டார்களாம், காயோடு அவர்கள் எடையும் ஏறிவிட்டதாம். காயை வேறு வண்டிக்கு மாற்றவும் முடியாது. டோக்கனில் வண்டி எண் இருந்தது.

புத்தூரிலிருந்து மெக்கானிக் சம்பத் மேஸ்திரி வந்தார். டீசல் பைப்பைக் கழற்றினார். டீசல் வந்தது. பம்பில் செருகியிருந்த ஒயரை உருவி, டெஸ்ட் பல்பை வைத்தார். சாவியைப் போடச் சொன்னார். பல்பு எரியவில்லை.

"பம்புக்குக் கரண்டு வரல. கரண்டு வந்தாத்தான் அது டீசலை உள்ள வுடும்."

பேட்டரியிலிருந்து நேராக ஓர் ஒயரைக் கொண்டுபோய்ப் பம்பில் வைத்தார். எஞ்சின் பிடித்தது. திருமலை கும்பிட்டான்.

"இரு," என்று அணைத்தார் மேஸ்திரி. "பழைய ஒயர் எங்க போவுதுன்னு பாக்கணும்."

ஒயர் டாஷ்போர்டுக்குள் போனது. பெருமாள் விளக்கின் சுவிட்சுக்குப் போனது. அங்கிருந்து திரும்பிப் பம்புக்கு வந்தது.

"யாரு வேலை இது?"

திருமலைக்குத் தெரியவில்லை. மனைவிக்குப் போன் செய்து ஸ்பீக்கரில் போட்டான்.

"நான்தான் போடச் சொன்னேன்," என்றாள் வெங்கடலட்சுமி. "சந்திரகிரிகிட்ட வண்டியப் பள்ளத்துல வுட்டீங்களே. அன்னிக்கு வெளக்கு போட்டீங்களா?"

"இல்ல."

"அப்போ வேண்டிக்கினேன். வெளக்கு எரியாம இந்த வண்டி கெளம்பாதுன்னு. நீங்க மறப்பீங்க. அதான் நகரி ஒயரிங் கடையில சொல்லி பம்பை அதுல சேத்துட்டேன்."

"எனக்குச் சொல்லலியே."

"சொன்னா பிரிச்சிருப்பீங்க."

மேஸ்திரி தான் கொடுத்த நேர் ஒயரை மெல்ல எடுத்துச் சுருட்டினார்.

"எடுக்காதீங்க மேஸ்திரி," என்றான் திருமலை.

"எந்த ஒயரும் மாத்துவேன்பா. வேண்டுதல் ஒயர்ல கை வைக்க மாட்டேன். எனக்கும் குடும்பம் கீது."

"நீங்க வைக்காதீங்க. நான் வைக்கறேன்."

"வைங்க," என்றாள் வெங்கடலட்சுமி போனில். "வச்சிட்டு வூட்டுப் பக்கம் வராதீங்க."

டிரைவர்கள் கூடிவிட்டார்கள். விளக்கு எரியாமல் வண்டி போகக் கூடாது. தீட்டில் விளக்கு எரியக் கூடாது. இது எல்லோருக்கும் புரிந்தது.

"ஏழு தலைமுறை தாண்டினா தீட்டு இல்ல," என்றார் ஒருவர்.

"எங்க தாத்தனும் அவரு அப்பனும் அண்ணந்தம்பி," என்றான் திருமலை.

"அப்போ கீது."

"பல்பைக் கழட்டிட்டு சுவிட்சைப் போடு. வெளக்கும் எரியாது, வண்டியும் போவும்," என்றார் இன்னொருவர்.

"எரியாம போவக் கூடாதுன்னுதானே வேண்டுதல்," என்றார் மேஸ்திரி.

"ஆமா இல்ல," என்று அவர் விலகிக்கொண்டார்.

கேட்டில் ஒரு வண்டி உள்ளே போனது. காவலாளி திருமலையைப் பார்த்தான். பிறகு ஹேமநாத்தைப் பார்த்து, முன்னால் வரும்படி சைகை செய்தான். ஹேமநாத் நகரவில்லை.

"என் காய் பச்சை. நாலு நாள் நிக்கும். உன்து நாறுதுணா," என்றான். போன் பக்கம் குனிந்தான். "அண்ணி, எனக்குத் தீட்டு இல்ல. நான் வெளக்கு போட்டு ஓட்டினா?"



"குளிச்சிட்டு ஓட்டணும்," என்றாள் வெங்கடலட்சுமி. "அவரு வண்டியில ஏறக் கூடாது. தொடவும் கூடாது."

"சரி அண்ணி."

"நில்லுங்க. மாங்காய்க்குத் தீட்டு உண்டா?"

ஒருவர் உண்டு என்றார், இன்னொருவர் இல்லை என்றார்.

"எப்போ பறிச்சீங்க?" என்றாள் வெங்கடலட்சுமி.

"முந்தாநேத்து," என்றான் திருமலை.

"பெரியநைனா போனது?"

"இன்னிக்கு விடியக்காலம்."

"அப்போ காய்க்கு இல்ல. அது முன்னாடியே மரத்தை வுட்டு வந்துடிச்சி."

மேஸ்திரி ரேடியேட்டருக்கு வைத்திருந்த தண்ணீர்க் கேனைத் தூக்கி வந்தார். ஹேமநாத் சட்டையோடு குந்தினான். தலையில் ஊற்றினார்கள். அவன் ஈரம் சொட்ட ஏறி, கையைத் துடைத்து, சுவிட்சைப் போட்டான். பெருமாள் மேல் மஞ்சள் வெளிச்சம் விழுந்தது. சாவியைத் திருப்பியதும் எஞ்சின் பிடித்தது.

திருமலை பின்னால் நடந்தான். தார்ப்பாய் ஒரு பக்கம் அவிழ்ந்து அடித்துக்கொண்டிருந்தது. கட்டக் கை போயிற்று. இழுத்துக்கொண்டான்.

கேட்டில் காவலாளி ஹேமநாத்தின் ஈரத்தைப் பார்த்தான். ஒன்றும் கேட்கவில்லை. வண்டிக்கு ஒரு ஆள்தான் என்று சொல்லி திருமலையை வெளியே நிறுத்தினான்.

கம்பி வழியாகத் தெரிந்தது. காய் பார்க்கிறவர் வந்தார். மேலிருந்து ஒன்றை எடுத்து அழுத்தினார். சரி. பக்கத்திலிருந்து ஒன்று. சரி. பிறகு கையை அடிவரை விட்டார். திருமலை கம்பியைப் பிடித்துக்கொண்டான். வெளியே வந்த பழத்தை அவர் முகர்ந்தார். கத்தியால் கீறி ஒரு துண்டைத் தின்றார். இன்னொரு துண்டையும் தின்றார். தலையை ஆட்டினார்.

வண்டி எடைமேடையில் ஏறியது.

காலி பிக்கப்பை ஹேமநாத் வேப்பமரத்தடியில் கொண்டுவந்து நிறுத்தினான். விளக்கை அணைத்தான். எஞ்சினும் நின்றது. வரிசையில் ஆளில்லாமல் நின்ற அவன் வண்டிக்குப் பின்னாலிருந்து ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார்கள். எடைச்சீட்டை நீட்ட வந்தவன் யோசித்து, தரையில் வைத்து மேலே ஒரு கல்லையும் வைத்தான்.

"நீ தொடலாம்லணா?"

"சீட்டு தொடலாம்," என்றான் திருமலை.

ஹேமநாத் தன் வண்டிக்கு ஓடினான். திருமலை வீட்டுக்குப் போன் செய்தான்.

"எறக்கியாச்சு."

"வண்டி?"

"நிக்குது."

"தீட்டு கழியற வரைக்கும் அங்கியே நிக்கட்டும். நீங்க பஸ்ல வாங்க. எழவு வூட்டுக்குப் போவணும்."

நகரி பஸ் தூரத்தில் வந்துகொண்டிருந்தது.

"பஸ்லயும் டிரைவருக்கு முன்னாடி சாமி வெளக்கு எரியுமே."

வெங்கடலட்சுமி யோசித்தாள்.

"பின்வாசல்ல ஏறுங்க."