பின் சீட்டு இன்ஜின்

பெட்ரோல் விலை ஏறும்போதெல்லாம் டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர் புதிதாக ஒரு நல்ல பழக்கத்துக்கு மாறினார். முதல் ஏற்றத்தில் ஏ.சி.யை நிறுத்தினார். "காத்தோட்டமா ஓட்டினாத்தான் நிதானம் வரும்" என்று வியர்த்து வழியும் மாணவர்களிடம் விளக்கம் வேறு. அடுத்த ஏற்றத்தில் ஸ்டெப்னி டயரைக் கழற்றி வீட்டில் வைத்தார், எடை குறையுமாம். அதற்கும் அடுத்த ஏற்றத்தில், கொஞ்சம் பூசினாற்போல் இருக்கும் மாணவர்கள் வந்து சேர்ந்தால் அவர் முகம் சுருங்க ஆரம்பித்தது. வகுப்பின் பாதி நேரம் காரை மர நிழலில் நிறுத்திச் சாலை விதிகளைப் பற்றிப் பிரசங்கம் செய்தார். பீஸை ஏற்றலாம் என்றால் எதிர் வரிசையிலேயே இன்னொரு டிரைவிங் ஸ்கூல் எப்போதடா என்று காத்துக்கொண்டிருந்தது.

இதையெல்லாம்கூட அவர் சமாளித்திருப்பார். சமாளிக்க முடியாமல் போனது மாமியாரைத்தான்.

தப்பாக நினைக்க வேண்டாம். மாமியார் தங்கமான மனுஷி. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். காதாலேயே காலம் தள்ளியவர் என்பதால், வாசலில் வருவது யார் என்று செருப்புச் சத்தத்திலேயே சொல்லிவிடுவார். ஒரே குறை, வீட்டில் கால் தரிக்காது. தங்கை வீடு மலைச்சரிவில் இருந்தது. பல் டாக்டர் ஊரின் இந்தக் கோடி, லைப்ரரி அந்தக் கோடி. சீட்டாடும் சிநேகிதிகளோ ஊர் முழுக்கச் சிதறிக் கிடந்தார்கள். காலமான மாமனாரின் குட்டிக் கார் உறை போர்த்திக்கொண்டு ஷெட்டில் தூங்க, மாஸ்டருக்குப் போன் வரும்: "மாப்பிள்ளை, நீங்க எப்படியும் வண்டியோடதானே இருக்கீங்க? ஒரு எட்டு வந்துட்டுப் போங்களேன்!"

வண்டியோடு இருப்பது வாஸ்தவம்தான். வண்டியில் பெட்ரோல் இருக்கிறதா என்று ஒருத்தரும் கேட்பதில்லை. முடியாது என்று சொல்லலாம். ஆனால் சாயங்காலம் வீட்டுக்குப் போய் மனைவியின் முகத்தில் விழிக்க வேண்டுமே.

அதனால்தான் ஒரு நாள் மாமியார், "நானே ஓட்டக் கத்துக்கிட்டா என்ன மாப்பிள்ளை?" என்று கேட்டபோது மாஸ்டருக்குக் கண்ணில் நீர் முட்டியது. லைசன்ஸ் ஒன்று கிடைத்துவிட்டால் அவர் வண்டி, அவர் பெட்ரோல், அவர் பாடு! மாஸ்டருக்கு விடுதலை. மாமியார் டெஸ்டில் பாஸ் ஆக வேண்டும் என்று இந்த உலகத்தில் மாமியாரை விட அதிகமாக ஆசைப்பட்டவர் அவர்தான்.

ஒரே ஒரு சிக்கல். கற்றுக்கொடுக்கவும் பெட்ரோல் வேண்டும். மாமியாரிடம் பீஸ் கேட்க முடியுமா? கேட்டுவிட்டு அதே வீட்டில் சாப்பிட முடியுமா? இரண்டு நாள் யோசித்தார். மூன்றாம் நாள் மாமியாரை ஸ்கூல் காரின் டிரைவர் சீட்டில் உட்கார வைத்து, சாவியைத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"சாவி போட வேணாமா மாப்பிள்ளை?"

"முதல்ல அடிப்படை வரணும் அத்தை. இன்ஜின் எங்க ஓடிப் போகப் போகுது? இன்ஜின் சத்தத்தை நானே குடுக்கறேன். கிளட்சை அமுக்குங்க. ஃபர்ஸ்ட் கியர். இப்ப மெதுவா விடுங்க." பிறகு மாஸ்டர் உதட்டைக் குவித்து, "கிர்ர்ர்ர்" என்றார்.

ஆரம்பத்தில் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது. ஆனால் எத்தனையோ வருஷமாக அந்த இன்ஜின் பக்கத்திலேயே குடித்தனம் நடத்தியவர், சத்தம் தானாக வந்து விழுந்தது. முதல் கியருக்குத் தொண்டையிலிருந்து ஒரு உறுமல். இரண்டாவதுக்குப் பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு "ர்ர்ரூம்". மூன்றாவதுக்கு மூக்கால் ஒரு ரீங்காரம். நாலாவது கியர் வந்தால் அவருக்கே கண் சொக்கும். கியர் மாற்ற வேண்டிய நேரத்தில் சத்தம் முக்கும், முனகும். மாமியார் உடனே மாற்றுவார். ஒரு தடவைகூடத் தப்பியதில்லை.

"கை வேலையெல்லாம் அப்புறம். காது குடுத்தாப் போதும், எல்லாம் வந்துடும்" என்றார் மாமியார் பெருமையாக.

நின்ற இடத்திலேயே இருவரும் ஊரெல்லாம் சுற்றினார்கள். லைப்ரரிக்குப் போனார்கள், பல் டாக்டரிடம் போனார்கள். ஒரு நாள் தங்கை வீட்டுக்குக் கிளம்பியபோது மாமியார், "ஏரிக்கரைப் பக்கமாப் போலாமா, காத்து நல்லா வரும்" என்றார். மாஸ்டர் சட்டென்று உறுமலை நிறுத்தி, "வேணாம் அத்தை, அது சுத்து வழி" என்றார். நிற்கிற வண்டிக்கும் சேர்த்துப் பெட்ரோல் மிச்சம் பிடித்த மனிதர் அவர் ஒருவராகத்தான் இருப்பார். மலையேறி இறங்கிய பிறகு மாமியார் கதவைத் திறந்துகொண்டு கால் வலிக்கிறது என்று தரையில் உட்கார்ந்துவிட்டார். எதிர்க் கடை லாண்டரிக்காரர் இஸ்திரிப் பெட்டியைச் சட்டை மேலேயே வைத்துவிட்டு வாய் பார்த்ததில், யாரோ ஒருவரின் கல்யாணச் சட்டை கருகியது.

"ரெண்டு பேரும் என்னதான் பண்றீங்க?" என்று மனைவி கேட்டாள். "நீங்க வண்டிக்குள்ள பல்லைக் கடிச்சுக்கிட்டு உறுமறீங்களாம். அம்மாவோட ஏதாவது சண்டையா?"

"சேச்சே, பாடம்" என்றார் மாஸ்டர்.

டெஸ்டுக்கு முந்தைய நாள் வேறு வழியில்லாமல் சாவியைப் போட்டார். வண்டி நிஜமாகவே உயிர் பெற்றது. மாமியார் முகம் கோணியது.

"வண்டியில ஏதோ கோளாறு மாப்பிள்ளை. சத்தமே சரியில்லையே!"

"இதுதான் அத்தை சத்தம். ஒரிஜினல்."

"இதுவா? இது என்ன, ராங் நம்பர் மாதிரி இருக்கு" என்று சொல்லிக்கொண்டே மாமியார் முதல் கியரைப் போட்டார். வண்டி தவளை போல் ரெண்டு தாவு தாவி அணைந்தது. மறுபடியும் போட்டார். மறுபடியும் அணைந்தது. ஒவ்வொரு தாவலுக்கும் டேங்கில் இருந்த பெட்ரோல் மாஸ்டரின் நெஞ்சுக்குள் தளும்பியது. பதற்றத்தில் அவர் வாய் தன்னையறியாமல் "கிர்ர்ர்" என்றது. அவ்வளவுதான், வண்டி வெண்ணெய் போல் நகர்ந்தது. "ர்ர்ரூம்" என்றார். இரண்டாவது கியர் சுகமாக விழுந்தது.

"ஆங், இப்பத் தெளிவாக் கேக்குது!" என்றார் மாமியார். "அந்த இரைச்சலை விடுங்க. லைன்ல எப்பவும் ஏதாவது ஒரு இரைச்சல் இருந்துக்கிட்டேதான் இருக்கும். நான் உங்க குரலை மட்டும் பிடிச்சுக்கறேன்."

விடிந்தால் டெஸ்ட்.

டெஸ்ட் அதிகாரி ஒல்லியான மனிதர், சந்தேகப் பேர்வழி. "எங்க மாமியார் சார்" என்று மாஸ்டர் கெஞ்சிக் கூத்தாடிப் பின் சீட்டில் இடம் பிடித்தார்.

"உக்காருங்க. ஆனா வாயைத் திறக்கக் கூடாது" என்றார் அதிகாரி. "இப்படித்தான் ஒரு மாஸ்டர் பின்னாலேருந்து இருமி இருமியே கியர் சொல்லிக் குடுத்தாரு."

வாயைத் திறக்காமல் என்ன செய்வது? மாஸ்டர் உதட்டை இறுக்க மூடிக்கொண்டு மூக்கால் ஆரம்பித்தார். "ம்ம்ம்ர்ர்ர்..." மாமியாரின் முகம் மலர்ந்தது. வண்டி அழகாகக் கிளம்பியது. முதல் திருப்பம், இரண்டாவது திருப்பம், எல்லாம் கச்சிதம். அதிகாரி தலையைச் சாய்த்துக் கேட்டார்.

"என்னம்மா சத்தம் அது? ரெண்டு இன்ஜின் ஓடற மாதிரி இருக்கு."

"ஒண்ணுதான் தம்பி இன்ஜின். இன்னொண்ணு இரைச்சல்" என்றார் மாமியார் உண்மையைத் தவிர வேறெதுவும் பேசாதவராக.

அதிகாரி வண்டியை ஓரங்கட்டச் சொல்லி, கையை நீட்டிச் சாவியைத் திருப்பினார். இன்ஜின் அணைந்தது. சத்தம் அணையவில்லை. பின் சீட்டில் மாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டு மூன்றாவது கியரில் போய்க்கொண்டிருந்தார். அதிகாரி மெதுவாகத் திரும்பிப் பார்த்தார்.

மாஸ்டர் கண்ணைத் திறந்தார். "சளி" என்றார்.

"சளியா?"

"நெஞ்சுச் சளி சார். நாள்பட்டது."

அதிகாரியின் முகம் இளகியது. "எங்கப்பாவுக்கும் இருந்துச்சு. அலட்சியமா விட்டுடாதீங்க" என்றார். பிறகு, பாவம், மேட்டில் ஏற்றிக் காட்டச் சொன்னார்.

மேடு என்றால் இன்ஜின் முக்க வேண்டும். நின்ற இடத்தில் பழகியபோது மேட்டுக்கு மாஸ்டர் உயிரைக் கொடுத்து முக்குவார், மாமியாருக்கும் அதுதான் பழக்கம். வேறு வழி? உடம்பிலிருந்த மூச்சையெல்லாம் திரட்டி, கழுத்து நரம்பு புடைக்க, "ம்ம்ம்ஹ்ஹ்க்ர்ர்ர்" என்று ஒரு முக்கல் முக்கினார். முகம் செங்கல் நிறத்துக்கு வந்தது. வண்டி கம்பீரமாக மேட்டில் ஏறியது. அதிகாரி பதறிப்போனார்.

"அம்மா! அவருக்கு என்னமோ ஆகுதும்மா! டெஸ்டை விடுங்க, ஆஸ்பத்திரிக்கு விடுங்க! நேராப் போய் இடது பக்கம்!"

இங்கேதான் விஷயம் கைமீறியது. எனக்கு ஒன்றுமில்லை என்று மாஸ்டர் சொல்லியிருக்கலாம். சொல்லவும் வாயெடுத்தார். சத்தம் நின்ற அந்த நொடியே வண்டி நடு ரோட்டில் குலுங்கி நிற்கப் பார்த்தது. பின்னால் ஒரு லாரி ஹாரனை அலறவிட்டது. உயிருக்குப் பயந்து மாஸ்டர் மறுபடியும் முனகினார். வண்டி பாய்ந்தது. அவர் முனக முனக அதிகாரி பதறினார், "சீக்கிரம்மா, சீக்கிரம்!" என்றார். சீக்கிரம் போக வேண்டுமானால் நாலாவது கியர். நாலாவது கியர் வேண்டுமானால் மாஸ்டர் கண் சொக்க ரீங்காரமிட வேண்டும். அவர் கண் சொக்கியதைப் பார்த்த அதிகாரி பின் பக்கம் எட்டி அவருடைய நெஞ்சைத் தேய்த்துவிட்டார். "சார்! கண்ணை மூடாதீங்க சார்! உங்களுக்குப் பிள்ளைங்க இருக்காங்களா?"

"ம்ம்ம்ம்ம்" என்றார் மாஸ்டர். பதில் இல்லை அது. நாலாவது கியர்.

மாமியார் பஸ்ஸைத் தாண்டினார், சைக்கிளுக்கு வழி விட்டார், சிக்னலில் நின்றார், கிளம்பினார், ஆஸ்பத்திரி வாசலில் இரண்டு வேன்களுக்கு நடுவே ஒரே திருப்பில் நிறுத்தி ஹேண்ட் பிரேக்கைப் போட்டார். வண்டி நின்றதும் மாஸ்டரின் முனகலும் நின்றது. அதிகாரி நெற்றியைத் துடைத்துக்கொண்டு அங்கேயே, டெஸ்ட் பாரத்தைப் பானெட்டின் மேல் வைத்துக் கையெழுத்துப் போட்டார்.

"இத்தனை வருஷ சர்வீஸ்ல இப்படி ஒரு நிதானத்தை நான் பாத்ததில்லைம்மா. மாப்பிள்ளை உயிருக்குப் போராடறப்பக்கூட ஒரு கியர் தப்பலையே!"

அன்று மாஸ்டர் ராஜா மாதிரி தூங்கினார். மறுநாள் காலை போன் வந்தது.

"மாப்பிள்ளை, நான் லைப்ரரிக்குக் கிளம்பிட்டேன்."

"ரொம்ப சந்தோஷம் அத்தை! பாத்துப் போங்க."

"பாத்துப் போறதாவது? வந்து பின்னால ஏறுங்க. நீங்க இல்லாம வண்டி எப்படி ஓடும்?"

போனில் சத்தத்தைப் பதிவு செய்து கொடுத்துப் பார்த்தார் மாஸ்டர். அரை நாள்கூடத் தாங்கவில்லை. பதிவு ஜோராக நாலாவது கியருக்குப் போனபோது மாமியார் சிக்னலில் நின்றுகொண்டிருந்தார். முன்னால் ஒரு பழ வண்டி. அதன் செலவும் மாஸ்டர் தலையில்தான் விடிந்தது. மனைவி தீர்ப்பே சொல்லிவிட்டாள்: "எங்கம்மாவுக்கு அரைகுறையாக் கத்துக் குடுத்தது யாரு? கூடப் போங்க."

சொந்தமாக ஓட்ட ஆரம்பித்த பிறகு மாமியாருக்குப் போக வேண்டிய இடங்கள் இரட்டிப்பாகிவிட்டன. முன்பு பஸ்ஸில் போன இடத்துக்கும் இப்போது கார். ஏரிக்கரையும் பாக்கியில்லை. மாஸ்டர் தினமும் குட்டிக் காரின் பின் சீட்டில் முழங்கால் மோவாயில் இடிக்க உட்கார்ந்து, தொண்டைக்கு மிட்டாய் சப்பிக்கொண்டு உறுமினார். ஒரே ஆறுதல், பெட்ரோல் மாமியாருடையது. மாமனார் நிரப்பி வைத்துவிட்டுப் போன டேங்க்.

அந்த ஆறுதலோடு ஒரு நாள் பெரிய ரோட்டில் மூன்றாவது கியரில் ரீங்காரமிட்டுக்கொண்டு போனபோது, பெட்ரோல் பங்க் போர்டு கண்ணில் பட்டது. ஏணி மேல் நின்று ஒருவர் பழைய விலையைக் கழற்றிப் புதிய எண்ணை மாட்டிக்கொண்டிருந்தார். மாஸ்டர் அந்த எண்ணைப் பார்த்தார். வாய் அடைத்துவிட்டது.

மாமியார் காதைத் தீட்டினார். ஒரு சத்தமும் இல்லை. இரைச்சல் மட்டும்தான்.

"அய்யய்யோ, இன்ஜின் நின்னுடுச்சே!" என்று ஸ்டீயரிங்கை ஒடித்து வண்டியை அப்படியே பங்குக்குள் விட்டு, பம்ப் அருகில் பதமாக நிறுத்தினார். "பெட்ரோல்தான் தீந்திருக்கும் மாப்பிள்ளை. நல்ல வேளை, இடம் பாத்து நின்னுச்சு."

"அத்தை, தீரல அத்தை, நான்தான்..." என்று மாஸ்டர் ஆரம்பிப்பதற்குள் பங்க்காரர் மூடியைத் திறந்துவிட்டார்.

"எவ்வளவும்மா?"

"ஃபுல்லாப் போடுங்க தம்பி. நடு வழியில மறுபடியும் நின்னுட்டா மாப்பிள்ளை தவிச்சுப் போயிடுவாரு." மாமியார் கைப்பையைத் தேடினார். பிறகு கண்ணாடியில் பின் சீட்டைப் பார்த்து வாஞ்சையோடு சிரித்தார். "நான் காசு எடுத்தா மாப்பிள்ளை கோவிச்சுக்குவாரு. அவர்கிட்டயே வாங்கிக்கங்க."

பங்க்காரரின் கை ஜன்னல் வழியாக உள்ளே நீண்டது. புதிய விலையில் முதல் டேங்க் போட்டவர் என்று மாஸ்டரை வாழ்த்தவும் செய்தார்.

"ம், ஸ்டார்ட் பண்ணுங்க மாப்பிள்ளை" என்றார் மாமியார், கிளட்சை அமுக்கிக்கொண்டு.

மாஸ்டர் இளைத்துப்போன பர்ஸைச் சட்டைப் பைக்குள் செருகிக்கொண்டு, "கிர்ர்ர்ர்" என்றார்.