சுண்ணம் இடிக்கையில் ஒரு காதல் பாட்டு

பிரேதத்துக்கு வைக்கிற சுண்ணம் இடிக்க உரலில் மஞ்சளும் அறுகம்புல்லும் போட்டாகிவிட்டது. சிவசுப்பிரமணியத்தின் கையில் உலக்கையும் இருந்தது. பாடத்தான் ஆளில்லை. சுண்ணப் பாட்டுக்காரர் பதுளைக்கு வரும் வழியில், ஹாலிஎலயில் மண் சரிந்து மறித்த பாதைக்கு அப்பால் நின்றார். பாட்டில்லாமல் இடித்தால் யாழ்ப்பாணத்தில் என்ன கதைப்பார்கள் என்பதே தம்பியைப் பறிகொடுத்த மனுஷருக்குப் பெரிய கவலை.

"நான் பாடுறன் அத்தான்."

தலைமாட்டிலிருந்து எழுந்தவள் செத்தவரின் மனைவி சத்தியபாமா. கூடியிருந்த பெண்கள் மூக்கில் விரலை வைத்தார்கள். அவள் சட்டை செய்யாமல் தொடங்கினாள். ஜெர்மன் பாட்டு.

இரண்டாம் உலக யுத்தகாலத்தில் பிடிபட்டுப் போன ஒரு ஜெர்மன் தோட்டத்துரையின் சாமான்களை ஏலம் போட்டபோது, அவள் புருஷன், பதுளை ஸ்டேஷன் கிளார்க் இரகுநாதன், கிராமபோனும் காதல் பாட்டுத் தட்டுகளும் ஓர் அகராதியும் வாங்கிவந்தார். ஒரு வரி ஓடும், ஊசியைத் தூக்குவார், இருவரும் அகராதியில் தலையை முட்டிக்கொள்வார்கள். 'ஹெர்ட்ஸ்' என்றால் நெஞ்சு. 'பிளைப்' என்றால் போகாதே, இரு. குவார்ட்டர்ஸின் பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் மாமியின் காது. தமிழில் கொஞ்சினால் விடிந்ததும் நக்கல்தான். ஜெர்மனில் எதைச் சொன்னாலும், மகன் சோதனைக்குப் படிக்கிறான் என்று மாமிக்குப் பெருமை. தமிழில் அவள் அவரிடம் சொன்னதெல்லாம் சாப்பிடுங்கோ, குடையை மறக்காதேங்கோ, அவ்வளவுதான்.

"நிப்பாட்டு பிள்ளை! செத்தவீட்டிலை இதென்ன வெள்ளைக்காரப் பாட்டு? ஆருக்கு விளங்கும்?" என்றார் சிவசுப்பிரமணியம்.

"அவருக்கு விளங்கும்."

"என்ன சொல்லுது? சாமிப் பாட்டோ?"

ஓம், சாமிப் பாட்டுத்தான் என்று சொன்னால் போதும், உலக்கை விழும். சத்தியபாமாவுக்கு ஆத்திரம் பொங்கியது. காலமெல்லாம் ஒளித்துப் பேசியாயிற்று. இன்றைக்குமா?

"சாமிப் பாட்டில்லை அத்தான்," என்றாள். பிறகு புருஷனின் முகத்தைப் பார்த்து, முற்றம்வரை கேட்கும்படி தமிழில் சொன்னாள்: "என்ரை நெஞ்சு முழுக்க நீதான். நீ தொட்ட இடமெல்லாம் இன்னும் சுடுது. போகாதை, என்னோடை இரு."



சிவசுப்பிரமணியம் உலக்கையைச் சுவரில் சாத்திவிட்டு வெளியே இறங்கினார். அதை அவள் எடுத்தாள். விட்ட வரியிலிருந்து பாடிக்கொண்டே இடித்தாள். மஞ்சள் தெறித்து நெற்றியிலும் கன்னத்திலும் ஒட்டியது. தாலியறுத்தவள் முகத்தில் மஞ்சளா என்று, துடைத்துவிடுவதற்கு ஒருத்தி சேலைத் தலைப்போடு கிட்ட வந்தாள்.

சத்தியபாமா முகத்தைத் திருப்பிக்கொண்டு இடித்தாள்.