முழங்கால் தண்ணீரில் முகூர்த்தம்

சந்திரகாந்தி தன் மாப்பிள்ளையை முதன்முதலில் நேரில் கண்டபோது, அவன் ஆற்றுக்கு அக்கரையில் ஒரு மரவாங்கில் மடியில் சட்டியோடு உட்கார்ந்திருந்தான். சட்டிக்குள் கோழிக்கறி. பெண் பார்க்க வருகிறவன் கறியோடு வருவான் என்று அவளுக்கு ஒருவரும் சொல்லியிருக்கவில்லை. அவளைக் கண்டதும் எழுந்து கை காட்டினான். காட்டிய வேகத்தில் சட்டியின் பிளாஸ்டிக் மூடி கழன்று ஆற்றில் விழுந்து, இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருக்கவே மிதந்து போய்விட்டது. போன மூடியைப் பார்த்து அவன் முழித்த முழியிலேயே, கட்டினால் இந்த மனிதனைத்தான் கட்டுவது என்று அவள் முடிவெடுத்துவிட்டாள். இதை அன்றிரவே அறைத் தோழி நேசமலர் அக்காவிடம் சொல்லியும் விட்டாள்.

ஆற்றைக் கடந்து போய்ப் பேசியிருக்கலாமே என்று கேட்பீர்கள். அப்படிக் கேட்கிறவர்கள் எண்பத்தாறாம் ஆண்டில் ஜெர்மனியில் அகதியாக இருந்திருக்க மாட்டார்கள். அகதிக்கு எந்தக் கிறைஸில், அதாவது எந்த மாவட்டத்தில், இடம் கிடைத்ததோ அந்தக் கிறைஸுக்குள்தான் அவன் உண்ணவும் உறங்கவும் உலாவவும் வேண்டும். அதன் எல்லையைத் தாண்ட அரசாங்கக் கந்தோரில் கடிதம் வேண்டும். மாப்பிள்ளை இராசலிங்கம் பீலெஃபெல்ட்டில் இருந்தான். கிழக்கு பெர்லின் வழியாக மாசி மாதக் குளிரில் வந்திறங்கிய சந்திரகாந்தியைப் பக்கத்துக் கிறைஸுக்கு பஸ் ஏற்றிவிட்டார்கள். இரண்டுக்கும் நடுவே எல்லையாக ஓடியது ஸாண்ட்பாக் என்கிற எட்டு மீற்றர் அகல ஆறு. பஸ்ஸில் நித்திரையாகி எல்லை தாண்டிப் போன குற்றத்துக்காக இராசலிங்கத்தின் பெயரை ஏற்கெனவே ஒருதரம் பொலிஸ் எழுதிக்கொண்டிருந்தது. இன்னொருதரம் பிடிபட்டால் வழக்கு.

கல்யாணம் கட்டினால் ஒரே இடத்தில் விடுவீர்களா என்று கந்தோரில் கேட்டார்கள். கந்தோர்க்காரரோ, பிறப்புச் சான்றிதழ் கொண்டுவந்து கட்டிவிட்டு வா, பிறகு யோசிப்போம் என்றார்கள். ஊரில் சான்றிதழ் தருகிற கச்சேரியே பூட்டிக் கிடக்கிறது என்றால், அதற்கு நாங்கள் சுஷ்டெண்டிக் இல்லை, பொறுப்பு இல்லை, வேறு இடத்தில் கேள் என்றார்கள். அகதிகள் எல்லோருக்கும் முதலில் பாடமான ஜெர்மன் சொல் இதுதான். எந்தக் கதவைத் தட்டினாலும் அதற்குப் பொறுப்பான ஆள் அந்தக் கதவுக்குப் பின்னால் இருக்கமாட்டார்.

இதற்குள் ஊரிலிருந்து அப்பாவின் கடிதம் வந்தது. "ஆடி பிறக்கமுந்திக் கழுத்திலை தாலி ஏறவேணும், பிறகு படம் வரவேணும். இல்லாட்டில் பாரிசிலை இருக்கிற உன்ர மச்சானுக்கே கட்டித்தாறனெண்டு சொல்லிப்போடுவன்." அந்த மச்சானை அவளுக்குத் தெரியும். பத்து வயதில் அவளுடைய சைக்கிளின் காற்றைத் திறந்துவிட்டவன். கடிதத்தை மடித்து வைத்துவிட்டு அவள் ஒரு பாட்டம் அழுதாள். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு அடுத்த ஞாயிறும் ஆற்றங்கரைக்குப் போனாள்.

அந்த ஆற்றங்கரை நெடுக, இரு பக்கமும், நடைக்காரர் சங்கம் ஒன்று ஏழு இளைப்பாறும் இடங்களை அமைத்திருந்தது. வாங்கு, மேசை, கூரை, அவற்றோடு ஒரு மரப்பெட்டி. பெட்டிக்குள் வருகிறவர்கள் அனுபவத்தை எழுதிப் போடுவதற்குப் படிவங்கள். வாங்கு வசதியா? நிழல் போதுமா? குறைகள் உண்டா? ஜெர்மன்காரர் பெரும்பாலும் இதைத் திரும்பியும் பார்ப்பதில்லை. நேசமலர் அக்காவோ படிவம் ஒன்றைக் கண்டால் நிரப்பாமல் நகரமாட்டாள். நிரப்பாத படிவத்தால் அகதி வழக்குப் பிசகும் என்ற பயம் அந்த நாளில் எல்லோருக்கும் இருந்தது. பெயர், பிறந்த திகதி, வந்த வழி, கோப்பு இலக்கம் எல்லாவற்றையும் ஓரத்தில் நெருக்கி எழுதினாள். சந்திரகாந்தியின் பாஸ்போட் அளவுப் படத்தையும் ஊசியால் குத்தினாள். குறைகள் என்ற இடத்தில், "மாப்பிள்ளை மற்றக் கரையில் நிற்கிறார்" என்று போட்டாள். ஆலோசனை என்ற இடத்தில், "ஆறு கொஞ்சம் ஒடுங்கினால் நல்லது." இப்படி மூன்று பிரதி எழுதி மூன்று பெட்டியில் போட்டாள்.

அடுத்த கிழமை பேனாட் என்கிற கிழவர், அரைக்கால் சட்டையும் இறகு செருகிய தொப்பியுமாக, கையில் மூன்று படிவங்களோடு அகதிகள் விடுதியான ஹைமின் வாசலில் வந்து நின்றார். ஓய்வுபெற்ற ரயில் கார்ட். அந்த ஏழு இடங்களும் அவருடைய பொறுப்பு. பதினொரு வருஷமாகப் பெட்டிக்குள் விழுந்த முறைப்பாடுகள் எல்லாம் குளவியைப் பற்றியவையாம். ஆற்றைப் பற்றி முறையிட்டவர்கள் இவர்கள்தான் முதல். மனிதருக்குச் சந்தோஷம் பிடிபடவில்லை.

"ஆற்றை ஒடுக்க என்னால் முடியாது. ஆனால் ஏழாம் இலக்கம் இருக்கிறது" என்று வரைபடத்தை விரித்தார். அந்தப் பக்கமெல்லாம் மணலும் பற்றையும்தான். பழைய ஆட்கள் அதைப் பாலைவனம் என்றே சொன்னார்களாம். ஏழாம் இலக்கத்தில் ஆற்றுக்கு நடுவிலும் மணல் ஏறிக் கோடையில் தண்ணீர் முழங்காலுக்குத்தான் வரும். கிறைஸ் எல்லை தண்ணீரின் நட்டநடுவால் புள்ளிக் கோடாக ஓடியது. "மாப்பிள்ளை கோட்டுக்கு அந்தப் பக்கம், நீ இந்தப் பக்கம். யாரும் எங்கேயும் போகவில்லையே!"

அதே ஹைமில் மூன்றாம் மாடியில் இருந்த உருத்திரமூர்த்தி ஐயரைக் கேட்டார்கள். ஐயருக்கும் கிறைஸ் தாண்ட ஏலாது.

"தாலி கட்டேக்கை கை மட்டும் தானே அங்காலை போகும்?" என்று கேட்டார் ஐயர்.

"ஓம் ஐயா. கை மட்டுந்தான்" என்றாள் நேசமலர் அக்கா.

"கைக்கு விசா கேக்கமாட்டாங்கள். ஆனி கடைசி ஞாயிறு, பத்தேகாலிலை இருந்து பதினொண்டேகால் வரைக்கும் நேரம் நல்லாக் கிடக்கு. வாறன்."

அந்த ஞாயிறு வெய்யில் கொளுத்தியது. பேனாட் ஆற்றின் நடுவே இரண்டு தடி நட்டு உடுப்புக் காயப்போடுகிற கயிற்றை இடுப்பளவு உயரத்தில் கட்டியிருந்தார். அக்கரையில் இராசலிங்கமும் அவனுடைய ஹைம் பொடியன்கள் பதினொரு பேரும். இக்கரையில் பெண்கள், ஐயர், மூன்று அண்டா சோறு கறி. இரண்டு கரைக்கும் போய்வர உரிமை உள்ள ஒரே ஆள் பேனாட். அவருடைய அலுமினியப் படகுதான் கூறைச்சேலையையும் தேங்காயையும் மாலையையும் அங்குமிங்கும் கொண்டுபோய்க் கொடுத்தது. பிறந்த நாள் தொட்டு இப்படி ஒரு உத்தியோகம் பார்த்ததில்லை என்பதுபோல நெஞ்சை நிமிர்த்தி வலித்தார்.

மாப்பிள்ளை வீட்டுக் கூறை வந்ததும் அதை உடுத்திக்கொண்டு வரவேண்டும். எங்கே உடுப்பது? முட்பற்றைக்குப் பின்னால் நேசமலர் அக்கா படுக்கை விரிப்பின் ஒரு நுனியைப் பிடித்தாள். மற்ற நுனிக்கு ஆளில்லை. அந்த வழியால் சைக்கிளில் வந்த ஒரு ஜெர்மன் அம்மா ஒன்றும் கேட்காமல் இறங்கி அதைப் பிடித்துக்கொண்டாள். சந்திரகாந்திக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. சேலை மடிப்பான கொய்யகம் மூன்றுதரம் குலைந்தது.

"பொம்பிளை, சிரியாதை! படத்திலை பல்லுத்தான் விழும்" என்று நேசமலர் அக்கா அதட்டினாள். அவளும் சிரித்துக்கொண்டுதான் அதட்டினாள்.

சந்திரகாந்தி தண்ணீருக்குள் இறங்கிக் கயிற்றுக்கு முதுகைக் காட்டி நின்றாள். பின்னால் தண்ணீர் சளசளத்தது. ஐந்து ஞாயிறாக எட்டு மீற்றருக்கு அப்பால் நின்று கூவிக் கூவிப் பேசிய மனிதனின் மூச்சு முதல்முதலாகக் காதடியில் கேட்டது. "பயப்பிடாதையுங்கோ" என்றான். எங்கோ பக்கத்து ஊர்த் திருவிழாவில் பித்தளை வாத்தியக்காரர் அந்த நேரம் பார்த்துப் பிளந்துகட்டினார்கள். ஐயர் அதையே கெட்டிமேளமாக எடுத்துக்கொண்டு கையைக் காட்ட, தாலி ஏறியது. இரண்டு கரையிலிருந்தும் அரிசி பறந்தது. முக்கால்வாசி மீனுக்குப் போனது.

சந்திரகாந்தி திரும்பி அவனைப் பார்த்தாள். சந்தோஷத்தில் தலை கிறுகிறுத்தது.

"இனி அக்கினியை மூண்டுதரம் வலம் வாங்கோ" என்றார் ஐயர். சொன்ன வாய் சொன்னபடியே நின்றது.

அக்கினி இக்கரையில் செங்கல்லுக்குள் எரிந்துகொண்டிருந்தது. மாப்பிள்ளை வர ஏலாது. நெருப்பை நடுவில் கொண்டுவந்து வைத்தாலும், சுற்றும்போது மூன்றுதரம் அவன் எல்லை தாண்டவேண்டும், அவளும் தாண்டவேண்டும். தாலியையும் கூறையையும் மாலையையும் யோசித்தவர்கள் இதை யோசிக்கவில்லை. "நானூறு கலியாணம் செய்து வைச்சிருக்கிறன். ஒண்டுக்கும் நடுவாலை எல்லை ஓடேல்லை" என்று ஐயர் தலையில் கை வைத்தார். மணி பதினொன்று. வலம் வராத கல்யாணத்தை அப்பா கல்யாணம் என்று எடுக்கமாட்டார். பாரிஸ் மச்சான் சைக்கிளின் காற்றைத் திறந்துவிட்டுப் பல்லைக் காட்டியது சந்திரகாந்தியின் கண்ணுக்குள் வந்தது.

"ஐயா, நாங்கள் நெருப்பைச் சுத்தினால் என்ன, நெருப்பு எங்களைச் சுத்தினால் என்ன?" என்று கேட்டாள்.

ஐயர் யோசித்தார். "அப்பிடிச் செய்யச்சொல்லி எங்கையும் இல்லை. செய்யக் கூடாதெண்டும் எங்கையும் இல்லை. வையுங்கோ படகிலை!"

நெருப்பை வெறும் அண்டா ஒன்றுக்குள் அள்ளி, அண்டாவைப் படகில் ஏற்றினார்கள். பேனாட் தண்ணீரில் குதித்துப் படகைத் தள்ளிக்கொண்டு புறப்பட்டார். இருவரும் கயிற்றுக்கு மேலால் கை பிடித்து நிற்க, நெருப்பு அவர்களைச் சுற்றி வந்தது. கயிறு வந்த இடத்தில் நேசமலர் அக்கா அதைத் தூக்கிப் பிடிக்க, பேனாட் குனிந்து போனார். முதல் சுற்றிலேயே தொப்பி இறகு பொசுங்கிவிட்டது. அவருக்குத் தெரியவில்லை. தெரிந்தவர்களுக்குச் சொல்ல மூச்சு வரவில்லை, அவ்வளவு சிரிப்பு.

இரண்டாம் சுற்று முடிகிற நேரம் பச்சைச் சட்டை போட்ட வனக்காவலர் ஜீப்பில் வந்து இறங்கினார். காய்ந்த பற்றைக்காட்டில் புகை கண்டால் சும்மா இருப்பாரா? "நிறுத்துங்கள்! தீ மூட்டத் தடை!" என்று கத்தினார்.

படகு நின்றது. சிரிப்பும் நின்றது. இராசலிங்கத்தின் கை அவள் கைக்குள் சில்லிட்டது. இரண்டாம்தரம் பெயர் எழுதப்போகிறார்கள் என்று அவன் நினைப்பது அவளுக்கு விளங்கியது. அவள் கையை விடவில்லை.

"இரண்டோடை விடக் கூடாது. இன்னும் ஏழு நிமிசந்தான் கிடக்கு" என்று ஐயர் கரையிலிருந்து முனகினார்.

காவலர் அடையாள அட்டைகளைக் கேட்டார். நேசமலர் அக்கா பிளாஸ்டிக் பையிலிருந்து பெண்ணின் அட்டையை நீட்டினாள். மாப்பிள்ளையின் அட்டை அக்கரையில் அவன் சப்பாத்துக்குள் கிடந்தது. பேனாட் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு வந்து கொடுத்தார். காவலர் அட்டையைப் பார்த்தார், வரைபடத்தைப் பார்த்தார், கயிற்றைப் பார்த்தார். பெண் தன் கிறைஸில். மாப்பிள்ளை தன் கிறைஸில்.

"நெருப்பு எங்கே?" என்றார்.

"ஆற்றில்" என்றார் பேனாட்.

காவலர் செங்கல்லைத் தொட்டுப் பார்த்தார். ஐயர் தண்ணீர் ஊற்றி அணைத்திருந்தார். காவலர் நிமிர்ந்து படகிலிருந்த அண்டாவைப் பார்த்தார். மீசை துடித்ததைச் சந்திரகாந்தி கண்டாள்.

"காடு என்னுடைய பொறுப்பு. பற்றை என்னுடைய பொறுப்பு. ஆற்றுக்கு நான் சுஷ்டெண்டிக் இல்லை."

இரண்டு கரையும் ஒரே நேரத்தில் ஓவென்று கத்தின. எத்தனை கந்தோரில் எத்தனை பேரை அழவைத்த சொல்! அதைக் கேட்டு ஆட்கள் கட்டிப்பிடித்துக்கொண்டது அன்றைக்குத்தான்.

நேசமலர் அக்கா மட்டும் கத்தவில்லை. அவள் படிவம் நிரப்புகிற ஆள். "ஆற்றுக்குள் நிற்கிற ஆட்களுக்கு?" என்று தன் ஜெர்மனில் நிதானமாகக் கேட்டாள்.

"அவர்களுக்கும் இல்லை. தண்ணீருக்கு யார் என்று திங்கட்கிழமை எழுதிக் கேளுங்கள்" என்று சொல்லிவிட்டு, காவலர் கரையிலிருந்த கறி அண்டாப் பக்கம் மூக்கைத் திருப்பினார். ஒருத்தி ஓடிப்போய் வடை கொடுத்தாள்.

மூன்றாம் சுற்று முடிந்தது. பேனாட் படகை விட்டதும், ஆற்றுக்குள் கேட்க ஆளில்லை என்ற துணிவில் சந்திரகாந்தி கயிற்றைத் தூக்கிக் குனிந்து அந்தப் பக்கம் போய், அவனுக்குப் பக்கத்தில் நின்றாள். அவன் தோள் அவளுடைய தோளில் பட்டது. கண் நிறைந்து வழிந்தது, துடைக்கவில்லை.

"அப்ப ஏழடியும் நடவுங்கோ!" என்று ஐயர் கூவினார்.

ஒன்று, இரண்டு என்று அவள் எண்ணினாள். ஏழு வந்தது. ஐயர் கையைத் தூக்கி ஆசீர்வதித்தார். "எட்டு" என்றாள் சந்திரகாந்தி. நிற்கவில்லை. தண்ணீருக்குள்ளேயே நடந்தார்கள். அண்டாக்களைத் தூக்கிக்கொண்டு இரண்டு கரையிலும் இரண்டு ஊர்வலம் கூடவே நடந்தது. பேனாட்டின் படகில் சோறு வந்தது. அறுநூறாவது அடியளவில் நாணலுக்குள் ஒரு பிளாஸ்டிக் மூடி சிக்கிக் கிடந்தது. "என்ர மூடி!" என்று இராசலிங்கம் அதை எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டான். அதே முழி. அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டு குனிந்து குனிந்து சிரித்தாள்.

ஆயிரத்து நூற்றுப் பதினாறாவது அடியில் பாலம் வந்தது. அதற்கு அப்பால் ஆழம். பாலத்துக்கு இந்தப் பக்கம் அவளுடைய பஸ், அந்தப் பக்கம் அவனுடைய பஸ். இரண்டுக்கும் நேரமாகிறது என்று கரையில் இருந்தவர்கள் கூப்பிட்டார்கள். கரை ஏறினால் இருவருக்கும் நடுவே திரும்பவும் எட்டு மீற்றர்.

"இஞ்சேருங்கோ" என்றாள் சந்திரகாந்தி. பெண்சாதி புருஷனைக் கூப்பிடுகிற அந்தச் சொல்லால் ஒருவரைக் கூப்பிடுவது அவளுக்கு அதுதான் முதல்தரம். "களைச்சுப் போனியளே?"

"இல்லை."

அவன் மூடியைக் கமக்கட்டுக்குள் இடுக்கிக்கொண்டு, அவள் கையைப் பிடித்தபடி தண்ணீருக்குள்ளேயே வந்த பக்கம் திரும்பினான்.

"ஆயிரத்து நூற்றுப் பதினேழு" என்றான்.