எடைக்கல்லுக்கு அடியில்

எனக்குக் கோபம் வந்தால் வாயை மூடத் தெரியாது. அன்றைக்கு மாடிப்படியில் நின்று போனில் கத்தாமல் இருந்திருந்தால், கொச்சி மட்டாஞ்சேரியில் பன்னிரண்டு பெண்களுக்கு மூன்று நாள் சோறு இறங்காமல் போயிருக்காது. ஆனால் நான் கத்தினேன்.

“பன்னிரண்டு பேருக்கும் இடது பக்கம் ஒரே இடத்துல கட்டி காட்டுதுடி, ஸ்நேஹா. ஒரே இடம், ஒரே அளவு. இந்த முஸீபத்து பிடிச்ச மெஷினத் தூக்கிக் காயல்ல போடப் போறேன்.”

ஸ்நேஹா பாலக்காட்டுக்காரி. நாங்கள் இருவரும் ஒரே பல்கலைக்கழகம். அவள் ஆய்வகத்தில் புற்றுநோய் செல்களை வளர்த்து, அவை எப்படிப் பெருகுகின்றன என்று பார்க்கிறவள். நான் ஆன்டெனா செய்கிறவள். ஐந்து வருடம் மண்டையை உடைத்துக்கொண்டு இரண்டு பேரும் சேர்ந்து ஒரு துணிப் பட்டை செய்திருந்தோம். மார்பைச் சுற்றிக் கட்டிக்கொள்ளலாம். அதில் தபால்தலை அளவில் பதினாறு ஆன்டெனாக்கள். ஒன்று மெல்லிய ரேடியோ அலையை உள்ளே அனுப்பும், மற்றவை அது எப்படித் திரும்பி வருகிறது என்று கேட்கும். கட்டியில் ஈரம் அதிகம், அங்கே அலை வேறு மாதிரித் திரும்பும். ஊசி கிடையாது, வலி கிடையாது.

“கத்தாதே, ஹிஸானா,” என்றாள் ஸ்நேஹா. “பன்னெண்டு பேருக்கு ஒரே எடத்துல கட்டி வராது கேட்டியா. கேன்சருக்கு அவ்வளவு ஒழுங்கெல்லாம் கிடையாது. உன் பட்டையிலதான் கோளாறு.”

அது எனக்கும் தெரியும். ஆனால் படிக்குக் கீழே கதவோரம் நின்றிருந்த பக்கத்து வீட்டு ஃபிதாவுக்குத் தெரியாது. அவளும் அந்தப் பன்னிரண்டு பேரில் ஒருத்தி. அவள் காதில் விழுந்தது பாதி. பள்ளிவாசலில் சாயங்கால அஸர் பாங்கு சொல்வதற்குள் அந்தப் பாதி தெரு முழுக்கப் போய்விட்டது.

மறுநாள் காலையில் என் அண்ணன் அனீஸின் திரைச்சீலைக் கடை வாசலில் பெண்கள் கூடிவிட்டார்கள். பட்டையை நாங்கள் வைத்திருந்தது அந்தக் கடையின் மாடி அறையில்தான். பல்கலைக்கழகம் வரைக்கும் வந்து சட்டையைக் கழற்ற இவர்கள் யாரும் தயாராக இல்லை. அதனால் முறைப்படி அனுமதி வாங்கி, கருவியை இங்கே கொண்டுவந்திருந்தேன்.

“கட்டி இருக்கா இல்லையா? அத மட்டும் சொல்லுங்க டீச்சரு,” என்றாள் மூக்கம்மாள். உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து வந்து இருபது வருடமாக இங்கே காய்கறி விற்கிறவள். கேரளத்துக்கு வந்து கற்றுக்கொண்ட வார்த்தைகளில் டீச்சரும் ஒன்று. கல்லூரி வாசலை மிதித்தவர்கள் எல்லோரும் அவளுக்கு டீச்சர்.

“இல்லக்கா. மெஷின்ல கோளாறு.”

“கோளாறுன்னு எப்படித் தெரியும்?”

எனக்கு எரிச்சல் தலைக்கேறியது. எப்படித் தெரியும் என்று கேட்டால் என்ன சொல்வது? நிச்சயமாகத் தெரியாது. பன்னிரண்டில் பதினொன்று கோளாறாக இருந்து ஒன்று உண்மையாக இருந்தால்? அந்தப் பயம் எனக்கும் இருந்தது. பயந்தால் எனக்குக் கோபம்தான் வரும். “எல்லாரையும் மறுபடி எடுக்கறேன். நாளைக்கு வாங்க,” என்று வெடுக்கென்று சொல்லிவிட்டு மேலே போய்விட்டேன்.

முதலில் உலோகத்தின் மேல் சந்தேகப்பட்டேன். முக்காட்டு ஊசி, சட்டைக் கொக்கி, சங்கிலி எல்லாவற்றையும் கழற்றச் சொன்னேன். மூக்கம்மாள் தாலியை மட்டும் கழற்ற மறுத்து முதுகுப் பக்கம் தள்ளிவிட்டுக்கொண்டாள். புள்ளி போகவில்லை. இடது பக்கம், கடிகாரத்தில் இரண்டு மணி இருக்கும் இடத்தில், பன்னிரண்டு திரையிலும் அதே சிவப்புப் புள்ளி. அந்த இடத்து ஆன்டெனாவைப் பிரித்துப் புதிதாக ஒன்று தைத்தேன். போகவில்லை. கேபிளை மாற்றினேன். கேபிள் விற்ற கடைக்காரரைப் போனில் பிடித்து, அவர் பரம்பரையையே இழுத்துப் பேசினேன். பாவம், அவர் கேபிளில் ஒரு குற்றமும் இல்லை.

ஒரே ஒரு ஆறுதல் இருந்தது. என்னை எடுத்தால் மட்டும் திரை சுத்தமாக இருந்தது. தினமும் முதல் ஆளாகப் பட்டையைக் கட்டிக்கொள்வது நான்தான். நான் கட்டிக் காட்டினால் ஒழிய இந்தப் பெண்கள் தொடமாட்டார்கள். “பாத்துக்கோங்க, எனக்கு ஒண்ணும் ஆகல,” என்று சொல்லிக் கழற்றிக் கொடுப்பேன். அதற்குப் பிறகுதான் என் மதினி சுல்ஃபத், அவளுக்குப் பின்னால் மற்றவர்கள். என் திரை சுத்தமாக இருக்கிற வரைக்கும் கருவி முழுக்கச் செத்துப்போகவில்லை என்று நினைத்துக்கொண்டேன். எவ்வளவு பெரிய முட்டாள் நான்.

அந்த முட்டாள்தனம் எங்கே தொடங்கியது என்று சொல்ல வேண்டும். யாரை எடுத்தாலும் ஒப்பிட்டுப் பார்க்க ஒரு நல்ல மார்பின் பதிவு வேண்டும். அதை இதிலிருந்து கழித்தால் மிஞ்சுகிற வித்தியாசம்தான் திரையில் தெரியும். அதற்காக ஜெலட்டினில் ஒரு போலி மார்பு வார்த்து வைத்திருந்தோம். கொச்சி மழையில் அது நான்கே நாளில் பூஞ்சை பிடித்தது. இன்னொன்று வார்த்து, வீட்டு ஃப்ரிட்ஜில் வைக்கலாம் என்று கொண்டுபோனேன். அம்மா கதவிலேயே மறித்தார்.

“அது பன்னித் தோலுல செஞ்சதா மாட்டுத் தோலுல செஞ்சதான்னு உனக்கே தெரியாது. என் ஃப்ரிட்ஜுக்குள்ள அது கேறாது.”

டப்பாவில் எழுதியிருக்கவில்லை. நான் என்ன சொல்வது? அதைக் கடை மாடியிலேயே வைத்தேன், அதுவும் கெட்டது. மூன்றாவதை வார்க்கப் பொறுமை இல்லை. தினமும் முதலில் எடுக்கிற என் பதிவுதான் கையில் இருக்கிறதே, அதையே வைத்துக்கொள்ளலாம் என்று தோன்றியது. வயது முப்பத்து நான்கு, ஒரு நாள் காய்ச்சல் என்று படுத்ததில்லை. கணினியில் அந்தக் கோப்புக்கு ‘ஹிஸானா நார்மல்’ என்று பெயர் வைத்தேன். நான் நார்மல் என்று யாரும் பார்த்துச் சொல்லவில்லை. நானே சொல்லிக்கொண்டேன்.

மூன்றாம் தடவை கூப்பிட்டபோது மற்றவர்கள் வரவில்லை. ஃபிதா அழுதுகொண்டு ஆலுவாவில் அவள் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். மூக்கம்மாள் மட்டும் வந்தாள். முகம் சுண்டிப்போயிருந்தது. மூன்று நாளாகக் கடை போடவில்லை என்று மதினி சொன்னாள்.

பட்டையைக் கட்டினேன். அதே புள்ளி.

“இருக்கா?” என்று கேட்டாள் மூக்கம்மாள்.

“இருக்கு. உங்களுக்கு மட்டுமில்ல, எல்லாருக்கும் இருக்கு. இந்தச் சனியனுக்கு என்ன வந்துச்சுன்னு எனக்குப் புரியல. சும்மா என்னைப் போட்டு அரிக்காதீங்க.”

மதினி என்னை முறைத்தாள். மூக்கம்மாளுக்கும் கோபம் வந்துவிட்டது.

“நீங்க படிச்சவுக, நான் காய் விக்கிறவ. ஆனா ஒண்ணு சொல்றேன். ஒருநா காலையில தக்காளி போட்டாலும் கொறையுது, வெங்காயம் போட்டாலும் கொறையுது, கத்திரிக்கா போட்டாலும் கொறையுது. எல்லாம் ஒரே அளவுக்குக் கொறையுது. நான் காயவா வைஞ்சேன்? எடைக்கல்லத் திருப்பிப் பாத்தேன். அடியில கொட்டப்புளி ஒட்டிக் கெடந்துச்சு. உங்க கல்லத் தடவிப் பாருங்க டீச்சரு. அத விட்டுட்டு எங்க வயித்துல புளியக் கரைக்காதீங்க.”

“கல்லும் இல்ல மண்ணும் இல்லக்கா, இது கம்ப்யூட்டர்,” என்று சொல்ல வாயைத் திறந்தேன். பாதியில் நின்றுவிட்டது.

கல் இருந்தது.

என் நிரல் வித்தியாசத்தை மட்டும்தான் காட்டும். கூடுதலா குறைவா என்று பிரித்துச் சொல்லாது. அப்படி எழுதியதும் நான்தான். பன்னிரண்டு பேரிடமும் ஏதோ கூடுதலாக இருக்கிறது என்றே மூன்று நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். பன்னிரண்டு பேரிடமும் இல்லாத ஏதோ ஒன்று, கழிக்க வைத்த பதிவில் இருந்தாலும் திரையில் இதே புள்ளிதான் வரும். என்னிடமிருந்து என்னையே கழித்தால் திரை சுத்தமாகத்தான் இருக்கும். வேறு எப்படி இருக்கும்?

நாற்காலியில் உட்கார்ந்தேன். ‘ஹிஸானா நார்மல்’ கோப்பை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் மதினியின் பதிவை வைத்தேன். ஐந்து விநாடி வேலை. ஃபிதா, சுத்தம். மூக்கம்மாள், சுத்தம். மற்ற ஒன்பது பேரும் சுத்தம். மதினியின் பதிவிலேயே ஏதாவது இருந்தால் இவர்கள் எல்லோரிடமும் தெரிந்திருக்கும், ஆகவே அவளும் சுத்தம். பிறகு என்னுடையதைத் திறந்தேன்.

இடது பக்கம், இரண்டு மணி. சிவப்பு.

“என்னா ஹிஸானா?” என்றாள் மதினி.

“ஒண்ணுமில்ல. மெஷின் சரியாயிருச்சு. உங்க யாருக்கும் கட்டி இல்ல. நீங்க ரெண்டு பேரும் போங்க,” என்றேன். வாழ்க்கையில் முதல் தடவையாக நான் மெதுவாகப் பேசினேன் என்று மதினி பிற்பாடு சொன்னாள். அதனால்தான் அவள் போகவில்லை. மூக்கம்மாளை மட்டும் அனுப்பிவிட்டுத் திரும்பி வந்து, என் பெயர் எழுதியிருந்த திரையைப் பார்த்தாள். அவளுக்கு ஆன்டெனா தெரியாது. ஆனால் பன்னிரண்டு வெறும் திரைக்கு நடுவில் ஒரு புள்ளி இருந்தால் யாருக்கும் புரியும். அவள் என் தலையைப் பிடித்துத் தன் வயிற்றோடு சேர்த்துக்கொண்டாள்.

எனக்கு அழுகை வரவில்லை. நம்பவும் முடியவில்லை. “இன்னொரு ஜெலட்டின் வார்க்கணும் மதினி. இது சரியான டெஸ்ட் இல்ல,” என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். மதினி என்னை வீட்டுக்குக் கூட்டிப்போய், நோன்பு நேரத்தில் ஜெல்லி மாதிரி உறைகிற கடல்பாசி காய்ச்சும் சட்டியை அடுப்பில் வைத்தாள். “ஜெலட்டின்தானே அம்மாவுக்குப் பிடிக்காது. கடல்பாசி ஹலால்தானே. அளவச் சொல்லு,” என்றாள். சொன்னேன். சீனிக்குப் பதில் எண்ணெய் ஊற்றிக் காய்ச்சி, வட்டக் கிண்ணத்தில் வார்த்து, அம்மாவின் ஃப்ரிட்ஜில் நடுத் தட்டில் வைத்தாள். அம்மா ஒன்றும் கேட்கவில்லை. இந்த யோசனை ஒரு மாதம் முன்னால் எங்களில் ஒருத்திக்காவது வந்திருக்கக் கூடாதா என்று இப்போதும் ஆறவில்லை.

மறுநாள் வாட்டர் மெட்ரோ படகில் ஸ்நேஹா வந்தாள். கடல்பாசிக் கிண்ணத்தின் பதிவை வைத்து எல்லோரையும் மறுபடி கழித்தோம். பன்னிரண்டு திரை சுத்தம். பதின்மூன்றாவதில் புள்ளி.

எட்டு வருடமாக இந்த நோயின் செல்களைத் தினமும் நுண்ணோக்கியில் பார்க்கிறவள் ஸ்நேஹா. அவற்றுக்குத் தீனி போட்டு, ஞாயிற்றுக்கிழமையும் வந்து கவனிக்கிறவள். திரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடி திரையைப் பார்த்தாள்.

“தொட்டுப் பாத்தியாடி?”

“இல்ல.”

“ஏன்?”

“பயமா இருக்கு.”

அவளே என்னை எழுப்பிக் கூட்டிக்கொண்டு போனாள். எர்ணாகுளத்து ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள், ஊசி போட்டுச் சதை எடுத்தார்கள். ஒரு வாரம் கழித்து டாக்டர் காகிதத்தைப் பார்த்துச் சொன்னார். புற்றுநோய்தான். பதினொரு மில்லிமீட்டர். கைக்குத் தட்டுப்படுகிற அளவு இன்னும் ஆகவில்லை, சீக்கிரம் பிடித்துவிட்டோம், ஆபரேஷன் செய்துவிடலாம் என்றார். எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று ஆச்சரியமாகக் கேட்டார்.

எங்கள் பட்டை பன்னிரண்டு மில்லிமீட்டர் என்று சொல்லியிருந்தது. ஒரே ஒரு மில்லிமீட்டர்தான் பிசகு. அந்த அறையில் உட்கார்ந்துகொண்டு ஒரு நொடி எனக்குச் சந்தோஷம் வந்தது. அப்புறம் அதை நினைத்து உடம்பு கூசியது. ஸ்நேஹா என் கையை விடவே இல்லை.

ஆஸ்பத்திரியில் சேர்வதற்கு முன்னால், பன்னிரண்டு பேரையும் நேரில் பார்த்துச் சொல்ல வேண்டும் என்று கிளம்பினேன். நான் பற்றவைத்த நெருப்பு, நான்தான் அணைக்க வேண்டும். ஆலுவாவுக்குப் போய் ஃபிதாவிடம் மன்னிப்புக் கேட்டேன். கேபிள் கடைக்காரரிடமும் கேட்டேன். கடைசியாக மார்க்கெட்டுக்குப் போனேன். மூக்கம்மாள் மறுபடி கடை போட்டிருந்தாள். யாரோ ஒருவருக்குத் தக்காளி அள்ளிக்கொண்டிருந்தாள்.

“உங்களுக்கு ஒண்ணுமில்லக்கா. நாலு தடவை சரிபார்த்தாச்சு. யாருக்குமே ஒண்ணுமில்ல.”

“சத்தியமா?”

“சத்தியமா.”

அவள் முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டாள். “நான்தான் சொன்னேன்ல,” என்றாள். சிரித்தாள். “கல்லுலதான் கோளாறா?”

“ஆமா.”

“அடியில என்னா ஒட்டியிருந்துச்சு?”

முதல் நாள் அவள் முன்னால்தான் பட்டையைக் கட்டிக் காட்டி, எனக்கு ஒன்றும் ஆகவில்லை பாருங்கள் என்று சொல்லியிருந்தேன்.

“நான்தான்க்கா கல்லு,” என்றேன்.

அவளுக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது. சிரிப்பு முகத்திலேயே நின்று, பிறகு போயிற்று. அவள் பார்வை என் முகத்திலிருந்து என் இடது பக்கத்துக்கு இறங்கியது. தராசில் வைக்கப்போன அரைக்கிலோ கல் அவள் கையிலேயே இருந்தது. தக்காளி வாங்க வந்தவர் நேரமாகிறது என்றார், மறுபடியும் சொன்னார். அவள் கல்லை வைக்கவில்லை.