பதினேழாம் பக்கத்துச் சுத்தம்

புத்தகக் கட்டைப் பிரித்ததும் பூமிநாதனுக்கு முதலில் வந்தது மஞ்சள் வாசனை. ராமநாதபுரத்தில் இருளாண்டியின் அச்சகத்துக்குக் கல்யாணப் பத்திரிகையும் காதுகுத்துப் பத்திரிகையும்தான் பிழைப்பு. பழக்கதோஷத்தில் இந்தப் புத்தகத்தின் நாலு மூலைக்கும் மஞ்சள் தடவியிருந்தார். 'கணினியில் சொல் தேடும் முறைகள்', நாற்பத்தெட்டுப் பக்கம், முந்நூறு பிரதி, பூமிநாதனே எழுதி அவனே போட்டது. மஞ்சள் போகட்டும் என்று பதினேழாம் பக்கத்தைத் திருப்பினான்.

அந்தப் பக்கத்துக்காகத்தான் புத்தகமே. பட்டியல்களில் ஒருவர் 'இராமேஸ்வரம்' என்று அடிப்பார், இன்னொருவர் 'ராமேஸ்வரம்', மூன்றாமவர் 'ராமேசுவரம்'. கணினிக்கு இவை வேறு வேறு ஊர்கள். ஆனால் இ?ராமே(ஸ்வ|சுவ)ரம் என்று ஒரே வடிவத்தைக் கொடுத்தால் எல்லாம் சிக்கிவிடும். முன்னால் நிற்கும் 'இ' இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி என்கிறது கேள்விக்குறி. அடைப்புக்குள் நிற்கும் குத்துக்கோடு, இது அல்லது அது என்கிறது. அவ்வளவுதான் சூட்சுமம். அது முதன்முதலில் புரிந்த அன்று, அதே நினைப்பில், பஸ்ஸில் இறங்க வேண்டிய ஆர்.எஸ்.மங்கலத்தைத் தாண்டிப் போய் இறங்கினான்.

அச்சில் இப்படி இருந்தது: 'இந்த வடிவத்தைக் கொடுத்தால் எல்லாம் சிக்கிவிடும்: இராமேஸ்வரம்.'

அடுத்த பக்கத்திலும் ஒரு குறி இல்லை. வழித்தெடுத்த மாதிரி இருந்தது.

"அண்ணே, குறியெல்லாம் எங்க?"

"அதுவா தம்பி!" இருளாண்டி பெருமையாகச் சிரித்தார். "நாம பக்கம் கட்டுற பேஜ்மேக்கருக்கு ஒன்னோட யூனிகோடு எழுத்து ஆகாது. பழைய எழுத்துக்கு மாத்துனேனா, கோடு இருந்த எடத்துலயெல்லாம் கண்ட எழுத்தும் வந்து ஒக்காந்துருச்சு. கேள்விக்குறி வேற, வார்த்தைக்கு நடுவுல. 'ஸ்வ'வுக்குப் பக்கத்துலயே 'சுவ'ன்னு ரெண்டாந்தடவ வேற. ரெண்டு நாளு ஒக்காந்து குப்பை பூராத்தையும் சுத்தம் பண்ணிருக்கேன்."

"நான் அடிச்சுக் குடுத்த தாளைப் பாக்கலையா?"

"பாத்தேன். அதுலயும் குப்பை கெடந்துச்சு. அட்டையப் பாரு, எப்புடிப் பளபளங்குது! உள்ள எவன் படிக்கப்போறான்?"

பூமிநாதன் இன்னொரு பிரதியை உருவிப் பதினேழாம் பக்கத்தைப் புரட்டினான். அதிலும் அப்படியேதான்.

"ஒரே ஒரு பிரதிதான் வெளிய போயிருக்கு," என்றார் அவர். "திருப்பாலைக்குடிப் புள்ளைக்கு அவசரம்னியே. காலையிலயே பஸ்ல குடுத்துவிட்டேன்."

சேதுலட்சுமி அங்கே மீனவர் சங்கத்தில் தட்டச்சு செய்கிறவள். புயலில் உடைந்த படகுகளை ஊர்வாரியாகப் பிரித்து, இன்று மத்தியானத்துக்குள் நிவாரணத்துக்கு அனுப்ப வேண்டும். புத்தகம் வந்தால் நொடியில் முடியும் என்று சொல்லியிருந்தவன் பூமிநாதன்தான். போனை எடுத்து அவளைக் கூப்பிட்டான்.

"அண்ணே, பிரமாதம்! பதினேழாம் பக்கத்துல இருக்கபடியே அடிச்சேன், டக்குனு வந்துருச்சு. ராமேஸ்வரம் நூத்திப் பன்னெண்டு படகு. இந்தா, அனுப்பப்போறேன்."

கணினி எந்தத் தவறும் காட்டியிருக்காது. கேட்ட 'இராமேஸ்வர'த்தை மட்டும் கொடுத்துவிட்டுச் சும்மா இருந்திருக்கும்.

"அனுப்பாத சேது! சொல்லச் சொல்ல அடி. இ. ஒட்டுனாப்புல கேள்விக்குறி."

"வார்த்தைக்கு நடுவுலயா?"

"நடுவுலதான்."

ஒவ்வொரு குறியாகச் சொன்னான். அந்தப் பக்கம் விசைப்பலகைச் சத்தம் நின்றது.

"அண்ணே." அவள் குரல் இறங்கியிருந்தது. "முந்நூத்தி நாலு வருது. மிச்சம் அத்தன பேரையும் விட்டுருப்பேனே."

போனை வைத்தபோது இருளாண்டி அட்டையைத் துடைத்துக்கொண்டிருந்தார். "பிழை திருத்தம்னு ஒரு சீட்டு அடிச்சுச் சொருகிருவோம். இல்லேன்னா கடைக்காரங்களுக்குச் சும்மா குடுத்துரு. அட்டைக்காகவே வாங்கி வச்சுக்கிருவாங்க."

அவரைத் திட்ட வாயெடுத்தான். போன வாரம் அட்டை மட்டும் தயாராகி வந்தபோது அதைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தவன், அச்சேறுமுன் உள்பக்கத்தைக் காட்டச் சொல்லிக் கேட்கவேயில்லை. தன்மேலும் அருவருப்பாக இருந்தது. இங்கே ஒரு பிரதி மிஞ்சினாலும் இருளாண்டி யாருக்காவது கொடுத்துவிடுவார். எண்ணிச் சரிபார்த்து மொத்தத்தையும் கட்டி பஸ்ஸில் ஏற்றினான்.

கண்டக்டர் கட்டின் மூலையில் மஞ்சளைப் பார்த்தார். "யாருக்குப்பா கல்யாணம்?"

"கல்யாணமில்லண்ணே. குப்பை."

"குப்பைக்கும் லக்கேஜ் உண்டு," என்று சீட்டைக் கிழித்து நீட்டினார் கண்டக்டர்.